நாற்பத்தைந்து நாள் குழந்தை

மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே, எந்தப் பக்கம் திரும்பினாலும் கோழிப்பண்ணைக் கூரைகள் ரயில் பெட்டிகளைப் போல நீண்டு கிடக்கும் செங்காட்டுப்புதூரில், வயதை நாளால் சொல்லும் வழக்கம் மெல்ல மெல்ல ஒழிந்து, எடையால் சொல்லும் வழக்கம் வந்திருந்தது. நாற்பது கிராம் என்றால் இன்று பொரித்த குஞ்சு. நூற்றறுபது என்றால் ஒரு வாரம். எண்ணூறு என்றால் மூன்று வாரம். இரண்டு கிலோ என்றால் நாற்பது நாள். நாற்பது நாள் என்றால் லாரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக்கூட அந்த ஊர்க்காரர்கள் அக்குளில் கைகொடுத்து ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "இருவது கிலோ இருப்பா, ஆறு வயசு" என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அந்த ஊரில் விளைந்ததெல்லாம் மக்காச்சோளம். அதை ஊர் தின்னவில்லை, கோழி தின்றது. கோழியையும் ஊர் தின்னவில்லை, அது லாரி ஏறி மலை தாண்டிப் போனது. உடம்பு வளர்கிற வேகத்துக்கு எலும்பு ஈடுகொடுக்க முடியாமல், இருபத்தைந்தாம் நாளுக்கு மேல் ஒவ்வொரு பண்ணையிலும் சில கோழிகள் கால் மடிந்து உட்கார்ந்துவிடும். குஞ்சும் தீவனமும் தந்து வளர்க்கவிடும் கம்பெனி அவற்றை எடுத்துக்கொள்ளாது என்பதால் ஊர் அவற்றைத் தின்றது, காலையிலும் தின்றது, மாலையிலும் தின்றது. கீரையும் அவரைக்காயும் முதலில் சந்தையில் வாங்கிவர வேண்டிய பண்டங்களாகி, பிறகு யாரும் வாங்கிவராத பண்டங்களாகிவிட்டன. ஆயிரத்து இருநூறு அடி ஆழத்திலிருந்து ஏறிவந்த தண்ணீர் முதலில் கோழிக்குப் போனது. மனிதர்களுக்கு ஒன்பது நாளுக்கு ஒருமுறை குழாயில் வந்தது. ஆனாலும் அங்கே யாரும் பட்டினி கிடக்கவில்லை. முன்பு கிடந்திருக்கிறார்கள், அதை மறந்தவர்கள் அந்த ஊரில் ஒருவரும் இல்லை. அதனால் யாரும் எதையும் குறையாகச் சொல்லவில்லை.

மார்கழி மாதத்தில், திருமூர்த்தியின் பண்ணைக்கு ஐயாயிரம் குஞ்சுகள் வந்து இறங்கிய அதே நாளில், அவன் மனைவி நவமணிக்கு மாதம் நிறையாமல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எடை ஒரு கிலோ எண்ணூறு. மூன்றாம் நாள், கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். வீட்டுச் சுவரெல்லாம் பனியில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. அந்த ஊரிலேயே கதகதப்பான இடம் எது என்று திருமூர்த்திக்குத் தெரியும்: புதுக் குஞ்சுகளுக்காகத் தகரத் தகட்டை வட்டமாக வளைத்து, தேங்காய்நார்த் தூளை மெத்தைபோலப் பரப்பி, மேலே மஞ்சள் பல்புகளைத் தொங்கவிட்டு, இரவு பகல் தெரியாமல் இரை எடுக்கட்டும் என்று ஒரு நிமிடம்கூட அணைக்காமல் வைத்திருக்கிற அந்த வட்டம். குழந்தையைத் துணியில் சுற்றி அதற்குள் கிடத்தினான். குஞ்சுகள் நகர்ந்து வழிவிட்டு, பிறகு அவனைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்துகொண்டன. நவமணி தகட்டுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து, அழும்போது எடுத்துப் பால் கொடுத்து, தூங்கும்போது திரும்பக் கிடத்தினாள்.

ஏழாம் நாள் கம்பெனி சூப்பர்வைசர் கௌரிசங்கர் குஞ்சுகளை எடைபோட வந்தான். நூற்றறுபது கிராம், நாலு மடங்கு, சரியாக இருந்தது. திருமூர்த்தி என்ன நினைத்தானோ, குழந்தையையும் எடுத்துத் தராசில் வைத்தான். ஏழு கிலோ இருநூறு. அதுவும் நாலு மடங்கு, அதுவும் சரியாக இருந்தது.

"அட்டையில போட்டிருக்கற மாதிரியே வருதுங்ணா" என்றான் கௌரிசங்கர், தூணில் தொங்கிய எடை அட்டையைப் பார்த்து. "ஒரு கிராம் கூட இல்ல, கொறைய இல்ல. குடிக்கற பாலுக்கு இந்த எடைன்னா எங்க கம்பெனியிலயே இப்பிடி ஒரு பேட்ச் வந்ததில்லீங்."

திருமூர்த்திக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை. "ஏனுங்க தம்பி, அப்ப நாப்பதாம் நாளு?"

"அம்பது மடங்குங்ணா. தொண்ணூறு கிலோ."

இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். நவமணி மட்டும் குழந்தையைத் தராசிலிருந்து எடுத்து, சில்லென்று ஆகியிருந்த அதன் முதுகைத் தேய்த்துவிட்டாள்.

குழந்தை அட்டையில் உள்ளபடியே வளர்ந்தான். தகட்டு வட்டத்தைப் பத்தாம் நாள் பிரித்து எடுத்தபோது அவனை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், வீட்டிலும் வளர்ந்தான். ஒன்பதாம் நாள் அவனுடைய தொப்புள்கொடி காய்ந்து விழுந்தது, எல்லாக் குழந்தைகளுக்கும் விழுவதுபோல. ஆனால் அது விழுந்த வயிறு நடந்து திரிகிற பிள்ளையின் வயிறாக இருந்தது. நவமணியின் பால் போதாமல் பக்கத்து வீட்டு மாட்டுப் பால் வந்தது, அது போதாமல் சொசைட்டிக்குப் போகிற கேன்களில் ஒன்று வழியில் இறங்கியது, அதுவும் போதாமல் மக்காச்சோளத்தை மாவாக்கிக் கஞ்சி காய்ச்சினார்கள்; கோழிக்கென்று விளைந்த அந்தச் சோளத்தை அந்த ஊரில் முதன்முதலாகச் சாப்பிட்ட மனிதப்பிறவி அவன்தான்.

ஊர் அவனைப் பார்க்க வந்தது. பார்த்தது, தூக்கியது, எடை சொன்னது, எடைக்கு ஏற்ற வயதைச் சொன்னது. யாரும் பயப்படவில்லை. இத்தனை வருடமாக நாற்பது நாளில் ஐம்பது மடங்கு ஆகிற உயிர்களோடுதானே அவர்கள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பதினெட்டுக் கிலோ" என்றாள் பக்கத்து வீட்டு சரசக்கா, பதினாலாம் நாள் அவனை இடுப்பில் தூக்க முயன்று மூச்சு வாங்கியபடி. "அஞ்சு வயசு. பால்வாடியத் தாண்டிட்டானே நவமணி, பள்ளிக்கோடத்துல போட்டற வேண்டியதுதான்."

"பொறந்து பதினாலு நாளுங்க்கா. கொடி விழுந்தே அஞ்சு நாள்தான் ஆச்சு."

"கொடி எப்ப விழுந்தா என்ன. ஒடம்பு இருக்குதல்ல."

"உச்சியத் தொட்டுப் பாருங்க. இன்னும் மூடலீங்க்கா. துடிக்குது பாருங்க."

சரசக்கா தொட்டுப் பார்த்தாள். விரலுக்கு அடியில் அது மெத்தென்று துடித்தது. கையை எடுத்துக்கொண்டு, "சளி புடிச்சிருக்கும்" என்றாள்.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் தாமே வீடு தேடி வந்து, பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், ஐந்தாம் வகுப்பில் ஒரு பெயர் சேர்ந்தால் பள்ளிக்கூடம் தப்பும் என்றார். அவன் கட்டில் கொள்ளாமல் தூங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, நல்ல அமைதியான பையன் என்று பாராட்டிவிட்டுப் போனார். பத்தாம் நாள் வரை அவனைப் பாப்பா என்றவர்கள், பதினைந்தாம் நாள் தம்பி என்றார்கள். இருபத்தெட்டாம் நாள் தெருப்பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து அண்ணா என்றார்கள். அதற்குப் பிறகு பெரியவர்கள்கூட வாங்க போங்க என்று பேச ஆரம்பித்தார்கள். அவ்வளவு பெரிய உடம்பை வாடா போடா என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. அவன் அழுதால் மட்டும் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள், ஏனென்றால் ஐந்தரை அடி நீளத்துக்குக் கிடந்த அந்த உடம்பிலிருந்து வந்தது பச்சைக் குழந்தையின் அழுகை.

அவன் நாளுக்கு இருபது மணி நேரம் தூங்கினான். விழித்திருக்கும்போது தன் கையையே தன் கை என்று தெரியாமல் முகத்தில் அடித்துக்கொண்டான். அந்தக் கை இப்போது கனமாக இருந்ததால் உதடு வீங்கியது. நவமணி பழைய சேலையைக் கிழித்து அவன் கைகளுக்கு உறைபோலக் கட்டினாள். அவன் கண்கள் அவள் முகத்தைத் தாண்டிச் சுவரில் எங்கோ நிலைத்திருந்தன. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: தன்னைத் தவிர இன்னொருவராவது அவனைக் குழந்தை என்று சொல்ல வேண்டும். ஊரில் ஒருவரும் குழந்தை என்று சொல்லாத ஒன்றைத் தான் ஒருத்தியாகவே குழந்தையாக வைத்திருக்க எத்தனை நாள் முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. சில சமயம், அவன் தூங்கும்போது அந்த அகலமான தோளைப் பார்த்து அவளே சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்துவிடுவாள். பிறகு அதற்காக அழுவாள்.

"ஏனுங், நீங்களாச்சும் ஒருக்கா பாப்பான்னு கூப்பிடுங்களே" என்று புருஷனிடம் கேட்டாள்.

"கூப்பிடலாந்தான்" என்றான் திருமூர்த்தி. "அம்பத்தஞ்சு கிலோ இருக்கறவனப் போயி..." என்று பாதியில் நிறுத்திவிட்டு, தீவன மூட்டை இறக்கப் போய்விட்டான்.

முப்பதாம் நாள் சாமியப்பன் வந்தார். திருமூர்த்தியின் பெரியப்பா மகன், நாலு பண்ணைக்காரர், ஊரில் எதையும் முடிவாகச் சொல்கிறவர்.

"என்றா திருமூர்த்தி, இன்னும் பத்து நாள்ல கோழி புடிக்க ஆளு தேடி ஊரூரா அலையப் போறோம். உன்ற வீட்டுல ஒரு ஆளு கால நீட்டித் தூங்கறாப்டி. எழுப்பி நிறுத்து. நின்னாத்தான நடக்கும், நடந்தாத்தான வேலை செய்யும்."

"அவன் ஆளு இல்லீங் மாமா" என்றாள் நவமணி. "முப்பது நாள் குழந்தை. முப்பது நாள்ல எந்தக் குழந்தைங்க நிக்கும்?"

"நீ ஒருத்தி. கோழிக்குஞ்ச முப்பது நாளைக்குக் கையில வெச்சுக் கொஞ்சிட்டா இருக்கறோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அவளைத் தேற்றுகிற சிரிப்புதான். மூன்று ஆண்கள் அவனைத் தூக்கி வாசல் தூணோடு சேர்த்து நிறுத்தினார்கள். ஒரு மூச்சு நேரம் நின்றான். பிறகு அவன் முழங்கால்கள் இரண்டும், யாரோ உள்ளேயிருந்து பிடியை விட்டதுபோல, சத்தமில்லாமல் மடிந்தன. தூணை ஒட்டிச் சரிந்து உட்கார்ந்து, தலை மார்பில் சாய, மூச்சு வாங்கினான்.

சிரிப்பு நின்றது. கால் மடிந்து உட்கார்வது என்றால் என்னவென்று செங்காட்டுப்புதூரில் எல்லாருக்கும் தெரியும். அன்று ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் வெந்துகொண்டிருந்தது அதுதான். சாமியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வெயில் ஏறுது" என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்று மாலை சரசக்கா குழம்புச் சட்டியை இறக்கி வைத்தவள், பரிமாறாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு சொன்னாள்.

மறுநாள் தீவன வண்டியில் கிடத்தி அவனைப் பக்கத்து டவுனுக்குக் கொண்டுபோனார்கள். சீட்டு எழுதுகிறவர் வண்டியை எட்டிப் பார்த்துவிட்டு, ஆண், வயது சுமார் இருபத்தைந்து என்று எழுதி ஆண்கள் வார்டுக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் அவனிடம் எங்கே வலிக்கிறது என்று மூன்று தடவை கேட்டார். அவன் அழுதான். நவமணி உள்ளே ஓடிவந்து மடியில் தலையை எடுத்து வைத்துக்கொண்டு, பசிக்குதுங்க, அவனுக்குப் பசிக்குது, அவ்வளவுதானுங்க என்றாள். சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நாற்பத்தொன்றாம் நாள் லாரி வந்தது. கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு எடைபோட்டு, கூண்டு கூண்டாக ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு கிலோ வெள்ளை உடம்புகளிலிருந்து, கூண்டுக்குள் போகிற வரையிலும், முதல்நாள் கேட்ட அதே கீச்கீச்சென்ற குஞ்சுக் குரல்தான் வந்தது. நவமணி அதை எத்தனையோ பேட்ச்சில் கேட்டிருக்கிறாள். அன்றுதான் காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை, காலிப் பண்ணையில் திருமூர்த்தி சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தபோது, ஸ்கூட்டரில் ஒரு புது நர்ஸ் வந்து இறங்கினாள். பெயர் லூர்துமேரி. தெற்கத்திப் பேச்சு. ஊருக்கு மாற்றலாகி வந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. ஊர்க்கதை எதுவும் தெரியாது. கையில் பெரிய பதிவேடு ஒன்று இருந்தது.

"நவமணி ஆண் குழந்தை. இந்த வீடுதானே? இன்னைக்கு நாப்பத்திரெண்டாம் நாள் பாக்கணும். குழந்தையக் கொண்டாங்க."

நவமணி கதவைத் திறந்து காட்டினாள். இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டு, அதில் குறுக்காக அவன் கிடந்தான். லூர்துமேரி அவனைப் பார்த்தாள். பதிவேட்டைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். பதிவேட்டில் பிறந்த தேதி நீல மையில் தெளிவாக இருந்தது. அவள் கொல்லைப்பக்கம் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, கட்டிலில் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு எத்தன தடவ பால் குடிக்கான்?"

நாற்பத்திரண்டு நாளில் நவமணியிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. "பத்து... பன்னெண்டு தடவைங்க."

"குடிச்சதும் தோள்ல போட்டுத் தட்டுதியா?"

"தோள்ல போட முடியலீங்க. திருப்பிப் படுக்க வெச்சுத் தட்டுவேன்."

"அது போதும்." உச்சியில் விரல் வைத்துப் பார்த்தாள். "இன்னும் மூடல. இப்ப மூடவும் கூடாது, சரிதான்." ஸ்கூட்டர் சாவியில் தொங்கிய சிவப்புக் குஞ்சத்தை அவன் கண்ணெதிரே இடமும் வலமுமாக ஆட்டினாள். பெரிய கண்கள் தயங்கித் தயங்கி அதன் பின்னால் போயின. "பாக்கான்." பிறகு அவள் குனிந்து, அந்த அகலமான முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தை வைத்து, "ஏலே ராசா... என்னல பாக்கே? யாருல இது, அம்மையா? உன் அம்மையா?" என்று சொல்லி, நவமணியின் தோளைப் பிடித்து இழுத்து அவள் முகத்தையும் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

அவன் நர்ஸைப் பார்த்தான். நவமணியைப் பார்த்தான். சுவருக்குப் போகாமல் கண் அங்கேயே நின்றது. உதடு ஒரு பக்கம் கோணி, மறு பக்கம் கோணி, பிறகு பல்லில்லாத ஈறு முழுக்கத் தெரியச் சிரித்தான்.

"ஆறு வாரத்துல சிரிக்கணும்" என்றாள் லூர்துமேரி. "கணக்கா சிரிச்சுட்டான்." பதிவேட்டைத் திறந்து எழுதினாள்.

"என்னங்க எழுதினீங்க?"

"குழந்தை தாயின் முகம் பார்த்துச் சிரிக்கிறது."

"இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தாள். நவமணி மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள்.

போவதற்கு முன் லூர்துமேரி அவன் மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். கழற்றி மடித்துப் பைக்குள் வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. வாசலுக்கு வந்து திருமூர்த்தியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்:

"இதயம் மட்டும் குழந்தையோடதுதாங்க அண்ணாச்சி. அது வளரல. இத்தினிக்காணு இருந்துக்கிட்டு இவ்வளவு பெரிய உடம்புக்கு ஓடுது. கோயமுத்தூர்ல குழந்தைங்க டாக்டருக்குக் கடுதாசி எழுதித் தாரேன். ஆறு வாரக் குழந்தைன்னே எழுதியிருக்கேன். வண்டி பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க."

திருமூர்த்தி கடிதத்தை வாங்கிக்கொண்டான். எவ்வளவு நாள் ஓடும் என்று கேட்கவில்லை. பேட்ச் முடிகிற சமயத்தில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக வளர்ந்த கோழிகள், நோய் நொடி எதுவும் இல்லாமல், இரைத்தட்டின் பக்கத்திலேயே ஒருமுறை இறக்கையடித்து மல்லாந்துவிடுவதை அவன் பதினோரு வருடமாகப் பார்த்திருக்கிறான். அவன் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் படுத்து, சுண்ணாம்பு வாசம் அடிக்கிற கையை அந்தப் பெரிய வயிற்றின் மேல் வைத்தான். "பாப்பா" என்றான். அதன்பின் மூன்று நாளும் அவன் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தான், விட்டுப்போன நாற்பத்திரண்டு நாளுக்கும் சேர்த்து. குழந்தை அவனைப் பார்த்தும் ஒருமுறை சிரித்தான். நவமணி அதற்குச் சாட்சி.

படுக்கவைத்துக் கொண்டுபோகிற வண்டி கிடைக்க மூன்று நாள் ஆயிற்று. அது வாசலில் வந்து நின்ற காலையில், நாற்பத்தைந்தாம் நாள், பால் குடித்து முடித்து, நவமணியின் மடியில் தலை இருக்க, ஒருமுறை கையை உதறிவிட்டு அவன் போய்விட்டான்.

ஊர் வந்தது. தொண்ணூறு கிலோ ஆணுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்ய வந்தது. மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தார்கள். தென்னை ஓலை பின்ன ஆரம்பித்தார்கள். தப்பட்டைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பி, அவர்களும் வந்து வேப்பமரத்தடியில் தப்பட்டையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சாமியப்பன் மூங்கிலைப் படுக்கவைத்து அளந்தார்.

நவமணி எழுந்து வந்து அந்த மூங்கில்களுக்கு நடுவே நின்றாள்.

"பால்குடிக் குழந்தைக்கு இந்த ஊர்ல என்னைக்குங்க பாடை கட்டியிருக்கறீங்க? தப்பட்ட அடிச்சிருக்கறீங்களா? கையிலதானுங்க எடுத்துட்டுப் போவீங்க?"

"எல்லாந் தெரியும், ஆத்தா" என்றார் சாமியப்பன், குரலைத் தாழ்த்தி. "ஆனா இந்த ஒடம்ப எப்பிடிக் கையில..."

"ஒடம்ப விடுங்க."

அப்போது திருமூர்த்தி வெளியே வந்தான். தன் வாழ்நாளில் எந்த உயிரைப் பற்றியும் எடையைத் தவிர வேறொன்றைச் சொல்லியிராத அந்த மனிதன், கூடியிருந்தவர்களைப் பார்த்து, "நாப்பத்தஞ்சு நாளுங்க" என்றான். "நாப்பத்தஞ்சே நாளுங்க. மூணு நாளு முந்திதான் சிரிச்சான்."

சாமியப்பன் கையிலிருந்த மூங்கிலைக் கீழே வைத்தார். ஓலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தப்பட்டைக்காரர்கள் நெருப்பில் மண்ணைத் தள்ளி அணைத்தார்கள்.

பதினாறு பேர் எதிரெதிராக நின்று கைகளைக் கோத்துக்கொண்டார்கள். நவமணி தன் சேலையொன்றில் அவனைச் சுற்றி, நெற்றியிலும் கன்னத்திலும் கறுப்புப் பொட்டு வைத்துக் கொடுத்தாள். அவர்கள் அவனைத் தரையிலிருந்து எடுத்து, மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு நடந்தார்கள். தொண்ணூறு கிலோவை அப்படிக் கையில் ஏந்தி வெகுதூரம் நடக்க முடியாது. அதனால் இருபது அடிக்கு ஒருமுறை நின்று ஆள் மாற்றிக்கொண்டார்கள். பண்ணையில் வேலை செய்கிறவர்கள், வண்டிக்காரர், தலைமையாசிரியர், தப்பட்டைக்காரர்கள் எல்லாரும் முறை வாங்கிக்கொண்டார்கள். வழக்கமாக வாசலோடு நின்றுவிடும் பெண்களும் அன்று நிற்கவில்லை. நவமணி முன்னே நடக்க, யாரும் அவளைத் தடுக்கவில்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சோளம் நின்றது. ஒவ்வொரு தடவை கை மாறும்போதும், கொடுக்கிறவர்கள் வாங்குகிறவர்களைப் பார்த்து, பச்சைக் குழந்தையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றும்போது யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாரும் சொல்வதைச் சொன்னார்கள்:

"தலையப் பாத்து. தலையப் புடிங்க. தலை, தலை."